இருள் ஆற்றல் மாறுகிறதா? வகுப்பில் சொன்னதைத் திரும்பப் பெற வேண்டுமா?

சனிக்கிழமை வாத்தியார் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் கடைசி அரை மணி நேரத்தை அறிவியலுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறேன். இலக்கணத்தில் தூங்கிவழியும் பிள்ளைகள்கூட அந்த அரை மணியில் விழித்துக்கொள்வார்கள். அண்டம் விரிகிறது, அந்த விரிவின் வேகம் கூடிக்கொண்டே போகிறது, அதற்குக் காரணமான இருள் ஆற்றல் ஒவ்வொரு கனமீட்டரிலும் என்றென்றும் ஒரே அளவில் இருக்கிறது என்றுதான் நான் பல ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதி வருகிறேன்.

சென்ற வாரம் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி கைப்பேசியில் ஒரு செய்தியைக் காட்டி, "சார், இருள் ஆற்றல் பலவீனமாகிறதாம், அண்டம் திரும்பச் சுருங்கிவிடுமாம், நீங்கள் சொன்னது தப்பா?" என்று கேட்டாள். அடுத்த வாரம் சொல்கிறேன் என்று சமாளித்துவிட்டு வந்தேன். அந்த அடுத்த வாரம் நாளை மறுநாள்.

எனக்குத் தெரிய வேண்டியவை இரண்டு. உண்மையில் அளக்கப்பட்டது என்ன? அந்த அளவீட்டிலிருந்து "சுருங்கிவிடும்" என்பது வரை எத்தனை படிகள் இருக்கின்றன, அவற்றில் எத்தனை படிகளில் நம்பிக் கால் வைக்கலாம்?

கரூவானம் (கேப் டவுன்) எழுதியது:

வணக்கம் ஐயா. நீங்கள் சொன்னது தப்பில்லை. இன்றும் பாடநூல்களில் இருப்பது அதுதான். ஆனால் "என்றென்றும் ஒரே அளவு" என்ற சொற்களின் கீழே பென்சிலால் ஒரு கோடு போட்டு வைக்க வேண்டிய நேரம் வந்திருக்கிறது.

முதலில் அடிப்படை. 1998இல் சால் பெர்ல்மட்டரின் குழுவும், பிரையன் ஷ்மிட், ஆடம் ரீஸ் ஆகியோர் இருந்த மற்றொரு குழுவும் தொலைதூரச் சூப்பர்நோவாக்களை, அதாவது வெடிக்கும் விண்மீன்களை, அளந்தபோது, அவை எதிர்பார்த்ததைவிட மங்கலாக, அதாவது எதிர்பார்த்ததைவிடத் தொலைவில் இருந்தன. விரிவு முடுக்கம் பெற்றிருந்தால்தான் அப்படி இருக்க முடியும். மூவருக்கும் 2011இல் நோபல் பரிசு கிடைத்தது. முடுக்கத்துக்குக் காரணமான ஏதோ ஒன்றுக்கு இருள் ஆற்றல் என்று பெயர் நிலைத்தது. அது இன்றைய அண்டத்தின் ஆற்றலில் ஏறத்தாழ 70 சதவீதம். மீதியில் பெரும்பங்கு இருள் பொருள், நாமும் நட்சத்திரங்களும் சேர்ந்து சுமார் 5 சதவீதம்.

அந்த "ஏதோ ஒன்று" என்ன என்பதற்கு மிக எளிய விடை, ஐன்ஸ்டீன் 1917இல் வேறொரு காரணத்துக்காகத் தம் சமன்பாட்டில் சேர்த்த அண்டவியல் மாறிலி. வெளி விரிந்தாலும் அதன் அடர்த்தி குறையாது. அண்டம் நீள அகல உயரங்களில் இரு மடங்கானால் பொருளின் அடர்த்தி எட்டில் ஒரு பங்காகிவிடும், மாறிலியின் அடர்த்தியோ அப்படியே இருக்கும். இதை ஒரே எண்ணில் சொல்லிவிடலாம். அழுத்தத்தை அடர்த்தியால் வகுத்தால் வரும் அந்த எண்ணை நாங்கள் டபிள்யூ என்போம். மாறிலிக்கு டபிள்யூ சரியாக −1. −1/3ஐவிடக் கீழே இருக்கும் எதுவும் விரிவை முடுக்கும் திறன் உடையது. −1க்கு மேலே இருந்தால் காலப்போக்கில் அடர்த்தி குறையும், கீழே இருந்தால் கூடும்.

இப்போது செய்திக்கு வருகிறேன். அரிசோனாவில் கிட் பீக் மலையில் நான்கு மீட்டர் மேயால் தொலைநோக்கியில் டெசி என்ற கருவி இருக்கிறது. 5,000 சிறிய ரோபோக்கள் 5,000 ஒளியிழைகளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றும் ஒரு விண்மீன் மண்டலத்தை நோக்கித் திரும்பும். வேலை 2021 மே மாதம் தொடங்கியது. முதல் ஆண்டுத் தரவின் முடிவு 2024 ஏப்ரலிலும், மூன்று ஆண்டுத் தரவின் முடிவு 2025 மார்ச்சிலும் வந்தன. இரண்டாவதில் 1.4 கோடிக்கும் மேற்பட்ட விண்மீன் மண்டலங்களும் குவாசர்களும் அடங்கும்.

டெசி அளப்பது ஒரு பழைய தடத்தை. அண்டம் பிறந்து சுமார் 3,80,000 ஆண்டுகள் வரை கொதிக்கும் பிளாஸ்மாவாக இருந்தபோது அதற்குள் ஒலியலைகள் ஓடின. பிளாஸ்மா தணிந்ததும் அலைகள் நின்றுவிட்டன. அவை அதுவரை கடந்த தூரம் இன்றைய அளவில் ஏறத்தாழ 48 கோடி ஒளியாண்டுகள். விண்மீன் மண்டலங்களை ஜோடி ஜோடியாக எடுத்து இடைவெளியை எண்ணினால், இந்த இடைவெளியில் மட்டும் எண்ணிக்கை சிறிது தூக்கலாக இருக்கும். கோலம் அழிந்த பின்பும் வாசலில் புள்ளிகளின் இடைவெளி மங்கலாகத் தெரிவது போல. வெவ்வேறு தொலைவுகளில், அதாவது வெவ்வேறு காலங்களில், இந்த இடைவெளி வானில் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று அளந்தால் விரிவின் வரலாறு கிடைத்துவிடும்.

செய்திகள் பெரும்பாலும் விட்டுவிடும் ஒரு நுணுக்கம் உண்டு. டெசியின் அளவீட்டை மட்டும் தனியாக எடுத்தால் அண்டவியல் மாறிலி நன்றாகவே பொருந்துகிறது. அந்தப் பிளாஸ்மா தணிந்தபோது கிளம்பி இன்றும் வானெங்கும் வந்துகொண்டிருக்கும் நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சைத் தனியாக எடுத்தாலும் பொருந்துகிறது. சூப்பர்நோவாக்களும் அப்படியே. சிக்கல் இவற்றைச் சேர்க்கும்போது வருகிறது. மாறிலிதான் என்று வைத்துக்கொண்டு, அண்டத்தில் பொருளின் பங்கு எவ்வளவு என்று ஒவ்வொன்றையும் கேட்டால், டெசி 29.8 சதவீதம் என்கிறது, பின்னணிக் கதிர்வீச்சு 31.5 சதவீதம் என்கிறது, சூப்பர்நோவாத் தொகுப்புகள் 33 முதல் 36 சதவீதம் வரை போகின்றன. ஒரே வீட்டின் கணக்கை மூன்று பேர் எழுதி, மூவரும் தனித்தனியே நேர்மையாகத் தெரிய, மொத்தம் மட்டும் ஒத்துவராதது போல. டபிள்யூ காலத்தோடு மாறலாம் என்று விட்டுக்கொடுத்தால் மூன்றும் ஒத்துவந்துவிடுகின்றன.

எவ்வளவு உறுதி? அதைச் சிக்மா என்ற அளவில் சொல்வோம், எண் கூடக் கூட அது வெறும் தற்செயலாக இருக்கும் வாய்ப்பு குறையும். டெசியும் பின்னணிக் கதிர்வீச்சும் மட்டும் சேர்ந்தால் 3.1 சிக்மா. சூப்பர்நோவாவையும் சேர்த்தால், எந்தத் தொகுப்பு என்பதைப் பொறுத்து 2.8, 3.8, 4.2. கண்டுபிடிப்பு என்று இயற்பியலில் சொல்ல 5 வேண்டும்.

கரும்பாலைக்காரன் (டோங்காட்) எழுதியது:

ஐயாமார்களுக்கு வணக்கம். நான் வானியல் படித்தவன் இல்லை. முப்பத்தோரு ஆண்டுகள் ஒரு சர்க்கரை ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனால் கடைசிப் பத்தியைப் படித்தவுடன் எனக்குப் பழைய வயிற்றெரிச்சல் ஒன்று திரும்பி வந்துவிட்டது, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கரும்புச் சாற்றில் சர்க்கரை எவ்வளவு என்பதை போலாரிமீட்டரில் அளப்போம். சர்க்கரைக் கரைசல் ஒளியின் அதிர்வுத் தளத்தைத் திருப்பும், எவ்வளவு திருப்புகிறதோ அவ்வளவு சர்க்கரை. விவசாயிக்குக் கிடைக்கும் பணமே அந்த எண்ணில்தான் தொங்கும். ஒரு பருவத்தில் பாதி மாதிரிகள் பழைய கூடத்திலும் பாதி மாதிரிகள் புதிதாகக் கட்டிய கூடத்திலும் சோதிக்கப்பட்டன. புதிய கூடத்துக்கு வந்த தோட்டங்களின் கரும்பெல்லாம் திடீரென்று தரம் குறைந்ததாகத் தெரிந்தது. மழை, நோய், உரம் என்று மேலே இருந்தவர்கள் ஆளுக்கொரு விளக்கம் கண்டுபிடித்தார்கள். ஒருவர் ஓர் அறிக்கையே எழுதிவிட்டார்.

நான் குவார்ட்ஸ் தகடு ஒன்றை எடுத்து இரண்டு கருவிகளிலும் வைத்துப் பார்த்தேன். அந்தத் தகடு எவ்வளவு திருப்பும் என்பது முன்பே தெரிந்த விஷயம், அதற்காகவே செய்யப்பட்டது. இரண்டு கருவிகளும் சரியாகத்தான் காட்டின. பிறகுதான் வெப்பமானியைப் பார்த்தேன். புதிய கூடம் கொதிகலன் பக்கத்துச் சுவரை ஒட்டி இருந்தது, குளிர்சாதனம் பழுதாகிக் கிடந்தது. 20 டிகிரியில் அளக்க வேண்டிய கரைசலை 29 டிகிரியில் அளந்துகொண்டிருந்தார்கள். சூடு கூடினால் சர்க்கரை குறைவாகக் காட்டும். கரும்புக்கு ஒரு குறையும் இல்லை. ஆறு வாரம் அந்த விவசாயிகள் குறைந்த பணம் வாங்கினார்கள், அதை யாரும் திருப்பிக் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை.

ஆகவே என் கேள்வி இதுதான். அருகிலுள்ள சூப்பர்நோவாவையும் தொலைவிலுள்ள சூப்பர்நோவாவையும் அளந்தது ஒரே கூடமா, இரண்டு கூடமா?

கரூவானம் எழுதியது:

ஐயா, இந்தத் துறையில் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுகளாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் நேராகக் கை வைத்துவிட்டீர்கள்.

இரண்டு கூடம்தான். 4.2 சிக்மா என்ற பெரிய எண், சிலியில் உள்ள பிளாங்கோ தொலைநோக்கியில் இருள் ஆற்றல் ஆய்வுக் குழுவினர் ஐந்து ஆண்டுகள் சேர்த்த தொகுப்பைப் பயன்படுத்தும்போது வருகிறது. அதில் தொலைதூரச் சூப்பர்நோவாக்கள் 1,635. அவை ஒரே கேமராவால், ஒரே முறையில் எடுக்கப்பட்டவை. ஆனால் ஒப்பிடுவதற்கு அருகிலுள்ளவை வேண்டுமே. அந்த 194ஐயும் வேறு தொலைநோக்கிகள் வேறு ஆண்டுகளில் எடுத்திருந்தன. அருகிலும் தொலைவிலும் உள்ளவற்றுக்கு இடையேதான் உங்கள் சுவர் ஓடுகிறது.

கேம்பிரிட்ஜின் ஜார்ஜ் எஃப்ஸ்டாத்தியூ இதே சந்தேகத்தைத்தான் எழுப்பினார். இந்தத் தொகுப்பிலும் பான்தியன்-பிளஸ் என்ற பழைய தொகுப்பிலும் பொதுவாக உள்ள சூப்பர்நோவாக்களை ஒப்பிட்டபோது, அருகிலுள்ளவற்றுக்கும் தொலைவிலுள்ளவற்றுக்கும் இடையே சுமார் 0.04 ஒளிப்பரிமாண அளவு வேறுபாடு இருப்பதாகச் சுட்டிக்காட்டினார். அது பிரகாசத்தில் ஏறத்தாழ 4 சதவீதம், தூரத்தில் 2 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. அந்த வேறுபாட்டை நீக்கினால் இருள் ஆற்றல் மாறுவதற்கான சான்றின் பெரும்பகுதி போய்விடும் என்றார். ஆய்வுக் குழுவினர் அதில் பெரும்பங்கு தங்கள் பகுப்பாய்வு மேம்பட்டதால் வந்தது என்று பதில் சொன்னார்கள். அதன் பிறகு அவர்களே முழு அளவீட்டுத் திருத்தத்தையும் மீண்டும் செய்து 2025இன் இறுதியில் வெளியிட்டார்கள். 4.2 என்பது 3.2 ஆகக் குறைந்தது.

இதை எப்படிப் படிப்பது என்பதில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். குறைந்தது என்பதால் மறைந்துவிட்டது என்று ஆகாது. சூப்பர்நோவாவே இல்லாமல் வரும் 3.1ஐ உங்கள் குளிர்சாதனம் தொடவில்லை. ஆனால் பின்னணிக் கதிர்வீச்சு, டெசி ஆகிய இரண்டுக்கும் இடையேயும் 2.3 சிக்மா அளவுக்கு ஒவ்வாமை இருக்கிறது. அது இயற்கையின் குரலா, இரண்டில் ஒன்றின் மூலையில் இருக்கும் சிறு பிழையா என்பது இன்னும் தெளியாத வழக்கு. பந்தயம் கட்டச் சொன்னால் என் கையிலுள்ள ராண்டுகளைச் சரிபாதியாகப் பிரித்துத்தான் வைப்பேன்.

தென்சிலுவை (ஃபீனிக்ஸ், டர்பன்) எழுதியது:

இவ்வளவு தயக்கம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. தென்கொரியாவின் யோன்சேய் பல்கலைக்கழகத்தினர் 2025 நவம்பரில் வெளியிட்ட கட்டுரையில், சூப்பர்நோவாவின் பிரகாசம் வெடித்த விண்மீனின் வயதைப் பொறுத்தது என்றும், அதைத் திருத்தினால் விரிவு இப்போதே வேகம் தணிந்துகொண்டிருக்கிறது என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். வேகம் தணிந்தால் அடுத்தது நின்றுபோவது, அதற்கடுத்தது பெருஞ்சுருக்கம். ஒடுக்கமும் தோற்றமும் மாறி மாறி வரும் என்று நம் பெரியவர்கள் சொன்னதற்கு இது பொருந்தியும் வருகிறது.

வெஸ்ட்வில் மாணவி (டர்பன்) எழுதியது:

அண்ணா, மூன்று விஷயங்களைத் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் வாத்தியார் ஐயா சனிக்கிழமை மாட்டிக்கொள்வார்.

முதலாவது, இருள் ஆற்றல் பலவீனமாவதும் விரிவு வேகம் தணிவதும் ஒன்றல்ல. முடுக்கியை லேசாக விட்டால் கார் உடனே மெதுவாகிவிடாது, வேகம் கூடும் விகிதம்தான் குறையும். டெசி, பின்னணிக் கதிர்வீச்சு, அந்த ஐந்தாண்டுச் சூப்பர்நோவாத் தொகுப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து 2025 மார்ச்சில் தந்த எண்களை எடுத்துக்கொள்கிறேன். இன்றைய டபிள்யூ −0.752, அது மாறும் போக்கைக் குறிக்கும் இரண்டாவது எண் −0.86. பொருளின் பங்கு 31.9 சதவீதம். இவற்றை வைத்துக் கணக்கிட்டால் இன்றைய முடுக்கம், மாறிலி இருந்தால் இருக்க வேண்டியதில் ஏறத்தாழப் பாதி. பாதி என்றாலும் முடுக்கம்தான். "இப்போதே தணிகிறது" என்பது யோன்சேய் குழுவின் கூடுதல் திருத்தத்தையும் ஏற்றுக்கொண்டால் மட்டுமே வரும். அந்தத் திருத்தம் விவாதத்தில் இருக்கிறது. சூப்பர்நோவா வெடித்த தாய் விண்மீன் மண்டலத்தின் நிறையை வைத்து இதே வகையான ஒரு திருத்தத்தை மற்ற குழுக்கள் ஏற்கெனவே செய்கின்றன, வயதுக்கென்று அதற்கு மேலும் அவ்வளவு பெரிய திருத்தம் தேவையா என்பதுதான் கேள்வி.

இரண்டாவது, அந்த இரண்டு எண்களையும் வைத்து நேற்றிரவு ஒரு கணக்குப் போட்டேன். இன்றைய இருள் ஆற்றலின் அடர்த்தியை 100 என்று வைத்துக்கொண்டால், செம்பெயர்ச்சி (விரிவால் ஒளி எவ்வளவு நீண்டது என்பதன் அளவு, கூடக் கூடப் பழைய காலம்) 2இல், அதாவது அண்டம் இன்றைய அளவில் மூன்றில் ஒரு பங்காக இருந்தபோது, அது 74. செம்பெயர்ச்சி 1இல் 102. செம்பெயர்ச்சி 0.4 அருகில் 113. இன்று 100. ஆக ஏறியது, உச்சியைத் தொட்டது, இப்போது இறங்குகிறது. உச்சியைத் தொட்ட காலம் ஏறத்தாழ 430 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, நம் பூமி பிறந்து கொஞ்ச காலமே ஆன சமயம்.

இந்த ஏற்றம்தான் கோட்பாட்டாளர்களைத் தூங்கவிடாமல் செய்கிறது, இறக்கம் அவ்வளவாக இல்லை. அண்டமெங்கும் பரவிய ஒரு புலம் மெல்லச் சரிவில் உருளுகிறது என்று வைத்தால் டபிள்யூ −1க்கு மேலே வரும், அடர்த்தி இறங்கும், எல்லாம் சுகம். 1988இலேயே ராட்ராவும் பீபிள்ஸும், தனியாக வெட்டெரிக்கும் இந்த யோசனையை எழுதிவிட்டார்கள். குவின்டெசன்ஸ் என்ற பெயர், அதாவது ஐந்தாவது மூலப்பொருள், பத்து ஆண்டுகள் கழித்து வந்தது. (நமக்கு ஐந்தாவது ஏற்கெனவே ஆகாயம்தான் என்பதால் பெயர் வைத்தவர்களுக்கு நம்மைக் கேட்டிருந்தால் வேலை மிச்சமாகியிருக்கும்.) ஆனால் விரியும்போது அடர்த்தி கூட வேண்டுமானால் டபிள்யூ −1க்குக் கீழே போக வேண்டும். சாதாரண உருளும் புலத்தால் அந்தக் கோட்டைத் தாண்டவே முடியாது. தாண்ட வேண்டுமானால் ஈர்ப்பு விதியையே மாற்ற வேண்டும், அல்லது இருள் பொருளும் இருள் ஆற்றலும் தமக்குள் கொடுக்கல் வாங்கல் வைத்திருக்க வேண்டும், அல்லது தரவில் எங்கோ சூடான அறை ஒன்று இருக்க வேண்டும்.

மூன்றாவது, எதிர்காலம். மேலே சொன்ன இரண்டு எண்களும் ஒரு நேர்கோட்டைக் குறிக்கின்றன. டபிள்யூ எப்படி மாறுகிறது என்று யாருக்கும் தெரியாததால், ஷெவலியே, போலார்ஸ்கி ஆகியோர் 2001இலும் லிண்டர் 2003இலும் ஒரு நேர்கோட்டை வைத்துப் பொருத்திப் பார்க்கலாம் என்றார்கள். கடந்த காலத்துக்கு அது நல்ல அளவுகோல். அதையே முன்னோக்கி நீட்டினால், அண்டம் இன்றைய அளவில் 1.9 மடங்கு ஆவதற்குள் டபிள்யூ பூஜ்யத்தைத் தொட்டு, அதன்பின் எல்லையின்றி ஏறிக்கொண்டே போகும். இருள் ஆற்றல் சாதாரணப் பொருளைவிட வேகமாக நீர்த்துப்போகும் என்று பொருள். இதை யாரும் நம்புவதில்லை. இரண்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரை ஒரு பிள்ளையின் உயரத்தைக் கோடு போட்டு, அறுபதாவது வயதில் பதினைந்து அடி இருப்பான் என்று சொல்வது போலத்தான் அது. பெருஞ்சுருக்கம் வர வேண்டுமானால் இருள் ஆற்றல் குறைவது போதாது, எதிர்மறை மதிப்புக்கே இறங்க வேண்டும். அதற்கு இன்றைய தரவில் ஒரு வரிகூடச் சான்று இல்லை. பெரியவர்கள் சொன்னதை அதோடு கோக்க வேண்டாமே அண்ணா. நாளைக்கு 3.2 என்பது 2 ஆகிவிட்டால் பெரியவர்கள் தவறு என்றாகிவிடும், பாவம்.

தென்சிலுவை எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன் தங்கையே, கடைசி வரியில் சிரித்துவிட்டேன். ஆனால் ஒரு கேள்வி. டபிள்யூ முன்பு −1க்குக் கீழே இருந்தது என்கிறீர்கள். அப்படியானால் பெருங்கிழிவு என்ன ஆயிற்று? விண்மீன் மண்டலங்களும் அணுக்களும் கிழிந்துபோகும் என்று ஒரு காலத்தில் எல்லா இதழ்களிலும் வந்ததே.

வெஸ்ட்வில் மாணவி எழுதியது:

அது டபிள்யூ −1க்குக் கீழேயே என்றும் தங்கிவிட்டால் நடப்பது. கால்டுவெல், காமியோன்கோவ்ஸ்கி, வைன்பெர்க் ஆகியோர் 2003இல் எடுத்துக்காட்டாக டபிள்யூ −1.5 என்று வைத்துக் கணக்கிட்டார்கள். 2,200 கோடி ஆண்டுகளில் முடிவு வரும். அதற்கு 6 கோடி ஆண்டுகள் முன்பு பால்வீதி கலையும், மூன்று மாதம் முன்பு சூரியக் குடும்பம், அரை மணி முன்பு பூமி. நம் எண்களில் டபிள்யூ −1 என்ற கோட்டைத் தாண்டி மேலே வந்துவிட்டது, ஆகவே கிழிவு இப்போதைக்குப் பட்டியலில் இல்லை.

சனிக்கிழமை வாத்தியார் எழுதியது:

மகளே, நன்றி. இருள் ஆற்றல் இப்படி ஏறி இறங்கியிருந்தால் அண்டத்தின் வரலாறு நாம் படித்ததிலிருந்து எவ்வளவு மாறும்? விண்மீன் மண்டலங்கள் உருவான கதை, அண்டத்தின் வயது 1,380 கோடி ஆண்டுகள் என்பது, இவையெல்லாம் ஆட்டம் காணுமா? பிள்ளைகள் அடுத்து அங்கேதான் வருவார்கள்.

கரூவானம் எழுதியது:

பெரிதாக ஆட்டம் காணாது ஐயா. இருள் ஆற்றல் பிந்தி வந்த விருந்தாளி. செம்பெயர்ச்சி 2இல் பொருளின் அடர்த்தி இன்றையதைவிட 27 மடங்கு. மாணவி தந்த 74ஐ அதோடு வைத்துப் பார்த்தால் மொத்த ஆற்றலில் இருள் ஆற்றலின் பங்கு ஐந்தரை சதவீதம்தான், மாறிலியாக இருந்தால் ஏழு சொச்சம். முதல் விண்மீன்கள், முதல் விண்மீன் மண்டலங்கள், ஹீலியம் உருவானது எல்லாம் இதற்கு மிக முந்தியவை. அவற்றுக்கு இருள் ஆற்றல் மாறியதா இல்லையா என்பது தெரியவே தெரியாது.

மாற்றம் தெரிவது கடைசி 700 கோடி ஆண்டுகளில். மாறிலி என்றால் முடுக்கம் செம்பெயர்ச்சி 0.62இல் தொடங்கியிருக்கும், மாறும் இருள் ஆற்றல் என்றால் 0.76 வாக்கில் தொடங்கியிருக்கும். சற்று முன்பே தொடங்கி, இன்று தளர்ந்திருக்கிறது. விண்மீன் மண்டலக் கொத்துகள் ஈர்ப்பால் கூடி வளர்வதைத் தடுப்பது முடுக்கம்தான் என்பதால், கொத்துகள் எந்தக் காலத்தில் எவ்வளவு வேகத்தில் வளர்ந்தன என்பதில் சில சதவீத வேறுபாடு வரும். 2023 ஜூலையில் ஏவப்பட்ட யூக்ளிட் விண்வெளித் தொலைநோக்கியும், 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்ட சிலியின் ரூபின் வானாய்வகமும் இதைத்தான் தேடுகின்றன. ரூபின் ஒரே கேமராவில் அருகிலுள்ள சூப்பர்நோவாவையும் தொலைவிலுள்ளதையும் எடுக்கும் என்பது டோங்காட் ஐயாவுக்கு நல்ல செய்தி.

இரண்டு பக்க விளைவுகளைச் சொல்ல வேண்டும். விரிவின் இன்றைய வேகம் பற்றிய பழைய தகராறு ஒன்று உண்டு. அருகிலுள்ள விண்மீன்களை வைத்து அளந்தால் மெகாபார்செக்குக்கு (அது ஒரு தூர அலகு) நொடிக்கு 73 கிலோமீட்டர், பின்னணிக் கதிர்வீச்சிலிருந்து கணக்கிட்டால் 67 சொச்சம். மாறும் இருள் ஆற்றல் இதைத் தீர்த்து வைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் மேலே சொன்ன எண்களோடு அது 66.7 ஆகிறது, இடைவெளி இன்னும் கூடுகிறது. எல்லா நோய்க்கும் ஒரே மருந்து என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

மற்றொன்று நியூட்ரினோ என்ற, ஏறத்தாழ நிறையே இல்லாத நுண்துகள். மூன்று வகை நியூட்ரினோக்களின் நிறைகளைக் கூட்டினால் குறைந்தது 0.06 எலக்ட்ரான் வோல்ட் (நுண்துகள்களின் நிறையைச் சொல்லும் அலகு) அளவு இருந்தே தீர வேண்டும் என்று பூமியில் நடந்த சோதனைகள் சொல்கின்றன. இருள் ஆற்றல் மாறிலிதான் என்று வைத்தால், டெசியும் பின்னணிக் கதிர்வீச்சும் சேர்ந்து அந்தக் கூட்டுத்தொகை 0.064க்கு மேல் போகக் கூடாது என்று நெரிக்கின்றன. கழுத்துக்கும் சுருக்குக்கும் இடையே ஒரு நூல் இடைவெளிதான். இருள் ஆற்றல் மாறலாம் என்று விட்டால் எல்லை 0.16 வரை தளர்ந்துவிடுகிறது. சூப்பர்நோவாவை நம்பாதவர்களுக்கும் இந்த நெருக்கடி ஒரு தனிச் சாட்சி என்று நான் நினைக்கிறேன். சிக்மாக் கணக்கைவிட இதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது.

கரும்பாலைக்காரன் எழுதியது:

நான் கேட்க நினைத்தது வேறு. சிலி, அரிசோனா என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். நம் கரூ பாலைநிலத்தில் அத்தனை கிண்ணங்களை நட்டு வைத்திருக்கிறார்களே, அவற்றுக்கு இதில் வேலை இல்லையா?

வெஸ்ட்வில் மாணவி எழுதியது:

இருக்கிறது ஐயா, என் ஆராய்ச்சியே அங்கேதான். கார்னர்வன் ஊரைத் தாண்டிப் போனால் மீர்கேட் ரேடியோ தொலைநோக்கியின் 64 கிண்ணங்கள், ஒவ்வொன்றும் 13.5 மீட்டர். முதல் முறை போனபோது வாசலிலேயே கைப்பேசியை அணைக்கச் சொன்னார்கள். வான ரேடியோ அலைகளுக்கு முன்னால் என் பழைய கைப்பேசி ஒரு கல்யாணத் தவில் என்று வழிகாட்டி சொன்னார். அணைத்துவிட்டு நின்றபோது காற்றும், கிண்ணம் திரும்பும் மோட்டாரின் முனகலும் மட்டும்தான்.

ஹைட்ரஜன் அணு 1,420 மெகாஹெர்ட்ஸில் மெல்லிய ரேடியோ ஒலிபரப்பு செய்கிறது. விரிவால் அது நீண்டு, குறைந்த அதிர்வெண்ணில் வந்து சேரும். விண்மீன் மண்டலங்களை ஒவ்வொன்றாகப் பார்க்காமல், பெரிய பரப்பின் மொத்த ஹைட்ரஜன் ஒளிர்வை மட்டும் வரைபடமாக்கினால், கரூவானம் ஐயா சொன்ன அதே 48 கோடி ஒளியாண்டுத் தடம் அதிலும் இருக்க வேண்டும். என் கணக்கில் அடர்த்தி உச்சியைத் தொட்ட செம்பெயர்ச்சி 0.4இலிருந்து வரும் ஹைட்ரஜன் அலை நம்மை 1,010 மெகாஹெர்ட்ஸ் அருகில் வந்தடையும். அது மீர்கேட்டின் தாழ்ந்த அலைவரிசைப் பெட்டிக்குள், 544 முதல் 1,088 வரை உள்ள பகுதிக்குள், சரியாக விழுகிறது. டர்பனில் உள்ள குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகம் முன்னின்று நடத்தும் ஹைராக்ஸ் திட்டம் 400 முதல் 800 மெகாஹெர்ட்ஸ் வரை, ஆறு மீட்டர்க் கிண்ணங்களை நெருக்கி வைத்துப் பார்க்கப் போகிறது. அதாவது செம்பெயர்ச்சி 0.8 முதல் 2.5 வரை, 74இலிருந்து 102க்கு ஏறியதாக நான் கணக்கிட்ட அதே பகுதி.

எளிதான வேலை என்று சொல்ல மாட்டேன். நம் பால்வீதியின் ரேடியோ இரைச்சல் அந்த ஹைட்ரஜன் குரலைவிடப் பல ஆயிரம் மடங்கு உரத்தது. என் நாளின் பெரும்பகுதி இரைச்சலைக் கழிப்பதிலேயே போகிறது, கழிக்கும்போது குரலையும் சேர்த்துக் கழித்துவிட்டோமா என்ற பயத்தில் மீதி. மீர்கேட்டின் வரைபடத்தை, முன்பே தெரிந்த விண்மீன் மண்டலங்களின் வரைபடத்தோடு ஒப்பிட்டு ஹைட்ரஜன் குரல் கேட்கிறது என்று காட்டிவிட்டார்கள். டபிள்யூவை நெருக்கிப் பிடிக்க இன்னும் தூரம் இருக்கிறது. ஆனால் இது சூப்பர்நோவாவின் பிரகாசத்தையும் நம்பாத, ஒளியியல் கேமராவையும் நம்பாத வேறொரு அறை. ஐயாவின் குவார்ட்ஸ் தகடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கரும்பாலைக்காரன் எழுதியது:

அந்த அறையில் வெப்பமானி ஒன்றை மாட்டி வையம்மா.

வெஸ்ட்வில் மாணவி எழுதியது:

கிண்ணத்துக்குக் கிண்ணம் மாட்டியிருக்கிறோம் ஐயா. கரூவில் பகலுக்கும் இரவுக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டில் ரிசீவரின் பெருக்கம் மாறும். அதைத் திருத்துவதற்கென்றே ஒரு மாணவர் முழுநேரம் உட்கார்ந்திருக்கிறார்.

சனிக்கிழமை வாத்தியார் எழுதியது:

நாளைக்கான ஏற்பாடு முடிந்துவிட்டது. நான் எதையும் திரும்பப் பெறப் போவதில்லை, கரும்பலகையில் "என்றென்றும்" என்ற சொல்லை மட்டும் அழித்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விடுவேன். பிறகு மகள் தந்த இரண்டு எண்களையும், அந்த நேர்கோட்டிலிருந்து வரும் சூத்திரத்தையும் கொடுத்து, பிள்ளைகளையே கால்குலேட்டரில் அந்த 74, 102, 113ஐப் போட்டுப் பார்க்கச் சொல்வேன். நேற்றிரவு நானே போட்டுப் பார்த்தேன். மற்ற இரண்டும் சரியாக வந்தன, உச்சி மட்டும் எனக்கு 112.7 என்று வருகிறது. எங்கே தவறு செய்தேன்?

வெஸ்ட்வில் மாணவி எழுதியது:

தவறில்லை ஐயா. நான்தான் முழு எண்ணாக்கி எழுதினேன். பிள்ளைகளுக்கு 112.7 என்றே கொடுங்கள், அந்தச் சிறுமி நிச்சயம் கேட்பாள்.